"நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டைப் பார்த்துக்கிறேன்!"

இலையுதிர் காலம் என்றதும் நம் மனக்கண் முன் தோன்றுவது சினிமாவில் பார்த்த குளிர்நாட்டுக் காட்சிதான். சிவந்த இலைகள் கொட்டிக் கிடக்கும் பாதையில் தாத்தாவும் பாட்டியும் பேரப்பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து போவார்கள். "அதெல்லாம் வெள்ளைக்காரன் ஊரில், வெயிலும் மழையுமே மாறி மாறி வரும் நம் நாட்டில் ஏது இலையுதிர் காலம்?" என்று நாம் நினைக்கிறோம்.

தோட்டத்தில் பால்மரம் வெட்டிய பெரியவர் எவரையாவது கேட்டுப் பாருங்கள், நேயர்களே! "ஏன் இல்லை? தைப்பூசம் முடிஞ்சதும் கித்தா மரம் இலையைக் கொட்டுமே!" என்பார். உண்மைதான். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ரப்பர் மரத்து இலைகள் பழுத்துச் சிவந்து உதிரும். நிரை முழுதும் சருகு மெத்தையாகிவிடும். கொஞ்ச நாளில் செம்பு நிறத்தில் புதுத்தளிர் விடும், பூ பூக்கும். ஆனால் மரம் தளிர்விடும் அந்த நாட்களில் பால் சுரப்பது குறைந்து போகும். மங்கில் பால் குறைந்தால் கையில் சம்பளமும் குறையும். ஆகவே நம் பெரியவர்களுக்கு இலையுதிர் காலம் உல்லாசப் பயணத்திற்குரிய காலமாக இருந்ததில்லை. கடையில் கடன் சொல்லிச் சாமான் வாங்கிய காலமாகத்தான் இருந்தது.

அப்படி வாழ்ந்தவர்கள் இன்று எழுபது, எண்பது வயதில் நம் வீட்டில் இருக்கிறார்கள். அவர்களை வெளியே அழைத்துப் போவது பற்றித்தான் இந்தக் கட்டுரை.

வாயால் சொல்வதும் மனத்தில் இருப்பதும்

ஜப்பானில் முதியோரை மதிப்பதற்கென்றே 1966 முதல் ஒரு பொது விடுமுறை உண்டு. செப்டம்பர் மாதத்தில், அவர்களுடைய இலையுதிர் காலத்தின் தொடக்கத்தில் அது வருகிறது. பிள்ளைகள் பெற்றோரைத் தேடிப் போகும் நாள் அது. ஐக்கிய நாடுகள் சபை அக்டோபர் முதல் நாளை அனைத்துலக முதியோர் தினமாக அறிவித்தது; 1991 முதல் அது உலகெங்கும் கடைப்பிடிக்கப்படுகிறது. நம் நாட்டில் அதற்குப் பொது விடுமுறை கிடையாது. போகட்டும்! தீபாவளி இருக்கிறது, தைப்பூசம் இருக்கிறது, பள்ளி விடுமுறைகள் இருக்கின்றன. நாட்களுக்குப் பஞ்சமில்லை.

ஆனால் அந்த விடுமுறை நாட்களில் என்ன நடக்கிறது? ஶ்ரீ கெம்பாங்கானிலோ, பூச்சோங்கிலோ, கிள்ளானிலோ ஓர் அடுக்குமாடி வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மகன், மருமகள், பிள்ளைகள் எல்லாரும் உடுத்திக்கொண்டு புறப்படுகிறார்கள். "அம்மா, நீங்களும் வர்றீங்களா?" என்று மகன் கேட்கிறான். "எனக்கு எதுக்குப்பா? நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டைப் பார்த்துக்கிறேன்" என்று பதில் வருகிறது. கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று என்ற திருப்தியோடு கதவு சாத்தப்படுகிறது.

அந்தப் பதிலை அப்படியே நம்பிவிடுவதுதான் நாம் செய்யும் தவறு. அதற்குள் எத்தனை சங்கதி அடங்கியிருக்கிறது! முட்டி வலி; நான்கு மாடி இறங்கி மறுபடி ஏற வேண்டும், மின்தூக்கி கிடையாது. போகிற இடத்தில் அடிக்கடி கழிப்பறை தேட வேண்டுமே என்ற கூச்சம். தன்னால் மற்றவர்கள் மெதுவாக நடக்க வேண்டுமே என்ற தயக்கம். தனக்கும் சேர்த்து மகன் காசு செலவழிக்க வேண்டுமே என்ற கவலை. இவற்றுக்கெல்லாம் மேலாக இன்னொன்றும் உண்டு. நாம் அழைத்துப் போகும் பேரங்காடியில் அவர்களுக்குச் செய்ய எதுவுமில்லை. ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கைப்பைகளைக் காவல் காக்க வேண்டும். வீட்டில் வீட்டுக் காவல். அங்கே கைப்பைக் காவல். "அதற்கு வீடே மேல்" என்று அவர்கள் நினைப்பதில் என்ன வியப்பு?

தோட்டத்திலேயே தங்கிவிட்ட பெற்றோரின் கதை வேறு. பட்டணத்துப் பிள்ளைகள் காரில் போய் அவர்களை அழைத்து வருகிறார்கள். எதற்கு? கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள! பேரனைக் கொஞ்சுவது பாட்டிக்கு இன்பம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு மாதம் அடுக்கு வீட்டுக்குள் அடைபட்டுப் பிள்ளை வளர்த்துவிட்டுத் திரும்பும் பாட்டியை, "கோலாலம்பூரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தாயா?" என்று லயத்தில் உள்ளவர்கள் கேட்டால் அவர் என்ன சொல்வார்?

பெரியவர்களை மூட்டை முடிச்சுபோல் உடன் கொண்டு போவதை விட்டுவிட்டு, அவர்களே நமக்கு வழிகாட்டும் இடங்களுக்குப் போவோம். நம்மைவிட அவர்களுக்கு அதிகம் தெரிந்த இடங்கள் இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுதும் இருக்கின்றன. செலவும் அதிகமில்லை. மூன்று பயணங்களை மட்டும் இங்கே சொல்கிறோம்.

ரயிலில் பத்துமலை

செர்டாங் நிலையத்தில் கொமுட்டர் ரயில் ஏறினால் கோலாலம்பூர் வழியாகப் பத்துமலை அடிவாரத்துக்கே போகும் தடம் இருக்கிறது. பத்துமலைக்கு இந்த ரயில் வசதி 2010-இல் வந்தது. நம் பெரியவர்கள் போன காலத்தில் தைப்பூசத்துக்குத் தோட்டத்து லாரிதான். புளிச்சோறும் பாயும் கட்டிக்கொண்டு, குடும்பம் குடும்பமாக லாரியில் நின்றுகொண்டே போய், இரவை அங்கேயே கழித்துவிட்டு வருவார்கள். ஆண்டு முழுதும் மரமும் மங்குமாக வாழ்ந்தவர்களுக்குக் கிடைத்த ஒரே வெளியூர்ப் பயணம் அதுவாகவே பல சமயம் இருந்தது.

தம்புசாமிப் பிள்ளை முன்னின்று அமைத்த ஆலயம் அது. 1892 முதல் அங்கே தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகிறது. மலைக்கு ஏற முதலில் மரப்படிகள்தாம் இருந்தன; 1940-இல் சிமெண்டுப் படிகள் வந்தன. இன்று ஏற வேண்டிய படிகள் 272. வானளாவ நிற்கும் 42.7 மீட்டர் முருகன் சிலை 2006 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது. படிகளுக்கு வண்ணம் தீட்டியது 2018-இல். அதாவது, இன்று பிள்ளைகள் கைப்பேசியில் படம் பிடிக்கும் சிலையும் வண்ணப் படிகளும் தாத்தாவின் இளமையில் கிடையாது. "அப்போ இங்கே என்ன இருந்துச்சு தாத்தா?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். எந்த இடத்தில் லாரி நின்றது, எங்கே அடுப்பு மூட்டினார்கள், யார் யார் காவடி எடுத்தார்கள் என்று கதை தொடங்கிவிடும்.

ஒன்றை மறவாதீர்கள். முட்டி வலிக்காரரை 272 படி ஏறச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. அடிவாரத்திலேயே கோயில்கள் இருக்கின்றன. பிள்ளைகள் மேலே போய் வரட்டும். பெரியவரோடு ஒருவர் கீழே துணைக்கு இருங்கள். தனியே விட்டுப் போகாதீர்கள்.

திரும்பும் வழியில் கே.எல். சென்ட்ரலில் இறங்கினால் பிரிக்ஃபீல்ட்ஸ். 1881-இல் தீயாலும் வெள்ளத்தாலும் கோலாலம்பூர் அழிந்தபின், செங்கல்லால் நகரைக் கட்டி எழுப்ப வேண்டி வந்தது. அதற்குச் செங்கல் சூளைகள் போட்ட இடம் ஆதலால் அந்தப் பெயர். ரயில்வேயில் வேலை செய்த நம்மவர்கள் குடியிருந்து வளர்த்த வட்டாரம் அது. 2010 அக்டோபரில் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் வந்து, 'லிட்டில் இந்தியா' என்று அதைத் திறந்து வைத்தார். வாழை இலையில் ஒரு சாப்பாடு. பாட்டிக்கு ஒரு முழம் மல்லிகை. அன்றைய பயணம் அதோடு நிறைவு பெறட்டும்.

ஏரிக்கு அடியில் ஒரு தோட்டம்

இரண்டாவது பயணம் புத்ராஜெயாவுக்கு. 2023 மார்ச் 16 முதல் எம்.ஆர்.டி. ரயில் அங்கே வரை ஓடுகிறது. செர்டாங் ராயா, செர்டாங் ஜெயா, தாமான் ஈக்வைன் என்று ஶ்ரீ கெம்பாங்கானைச் சுற்றியே பல நிலையங்கள். இந்த நிலையங்களில் மின்தூக்கி இருப்பதால் பெரியவர்கள் படி ஏறத் தேவையில்லை. ரயில் உயரத்தில் ஓடுவதால் சன்னலோரம் உட்கார்ந்தாலே ஊர் தெரியும்.

அந்த ஊரைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். ஶ்ரீ கெம்பாங்கான், அவசரகாலத்தில் சீனக் குடும்பங்களைக் குடியேற்றிய புதுக்கிராமமாகத் தோன்றியது. சுற்றிலும் ஈயச் சுரங்கங்கள், ரப்பர்த் தோட்டங்கள். 'மைன்ஸ்' பேரங்காடிக்குப் பக்கத்தில் அழகாகத் தெரியும் ஏரி, உலகின் மிகப் பெரிய திறந்தவெளி ஈயச் சுரங்கங்களில் ஒன்றாக இருந்த பள்ளம். புத்ரா பல்கலைக்கழகம் 1931-இல் ஒரு விவசாயப் பள்ளியாகத் தொடங்கியது.

புத்ராஜெயாவில் இறங்கியதும் பிள்ளைகள் ஏரியையும் பாலங்களையும் இளஞ்சிவப்புப் பள்ளிவாசலையும் பார்த்து வாய் பிளப்பார்கள். அந்த மண்ணின் பழைய பெயர் பெராங் பெசார். மலாயில் 'பெரும் போர்' என்று பொருள். முதல் உலகப் போரில் சண்டையிட்டுத் திரும்பிய பிரிட்டிஷ் படைவீரர்கள் 1921-இல் தொடங்கிய ரப்பர்த் தோட்டம் ஆதலால் அந்தப் பெயர். ரப்பர் உலகில் அது சாதாரணத் தோட்டமல்ல. நல்ல பால் தரும் மரங்களைத் தேர்ந்தெடுத்து ஒட்டுக்கட்டி, புதிய இனங்களை அங்கே உருவாக்கினார்கள். 'பி.பி. 86' என்ற மரத்தைப் பற்றி வயதான பால்மரத் தொழிலாளி எவரிடமாவது கேளுங்கள். அந்த 'பி.பி.' என்பது பெராங் பெசாரின் முதலெழுத்துகளே! 'பி.பி. 260' என்ற இனம் ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் வரை போய்ப் பரவியிருக்கிறது.

அந்தப் புகழ்பெற்ற மரங்களுக்குக் கத்தி வைத்தவர்கள், மங்கு துடைத்தவர்கள், விடியுமுன் பெரட்டுக்கு எழுந்தவர்கள் யார்? நம் பாட்டிமார்களும் தாத்தாமார்களும்தான். 1990-களில் புதிய நிர்வாகத் தலைநகரம் கட்ட அந்த நிலம் எடுக்கப்பட்டது. பெராங் பெசாரிலும் பக்கத்துத் தோட்டங்களிலும் இருந்த குடும்பங்கள் டிங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்கு வீடுகளுக்கு மாற்றப்பட்டன. மண்ணில் கால் பதியும் தரைவீடு வேண்டும் என்று அந்த மக்கள் பல ஆண்டுகள் குரல் கொடுத்தார்கள். பிரதமர் அலுவலகம் 1999-இல் புத்ராஜெயாவுக்கு வந்தது. 2001 பிப்ரவரி முதல் தேதி அது கூட்டரசுப் பிரதேசமாயிற்று.

நகரம் அழகாக இருக்கிறது. அதை ரசிப்பதில் குற்றமில்லை. ஆனால் அந்த மண்ணில் வியர்வை சிந்தியவர்களின் பெயர் அங்கே எந்தப் பலகையிலாவது இருக்கிறதா என்று தேடாதீர்கள். பலகை வேண்டுமானால் அது உங்கள் பக்கத்திலேயே, கைத்தடியை ஊன்றிக்கொண்டு நிற்கிறது. வேறு தோட்டத்தில் வேலை செய்த பெரியவராக இருந்தாலும் பரவாயில்லை. மரம் எப்படி வெட்டுவார்கள், பட்டையைச் சீவும்போது எவ்வளவு ஆழம் போகலாம், மழை வந்தால் ஏன் வேலை கெடும், கட்டிப்பால் என்றால் என்ன என்று அங்கே வைத்துக் கேளுங்கள். எஸ்.பி.எம். படிக்கும் பேரனுக்குத் தெரியாத பாடம் அது. சொல்லித் தரும் அந்த அரை மணி நேரம் பாட்டியே ஆசிரியை.

கப்பல் வந்த துறை

மூன்றாவது பயணம் கிள்ளானுக்கு. கே.எல். சென்ட்ரலில் ரயில் மாறினால் கிள்ளான். அதே தடத்தின் கடைசி நிலையம் கிள்ளான் துறைமுகம். 1972 வரை அதன் பெயர் போர்ட் ஸ்வெட்டன்ஹம். நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலேறிய நம் முன்னோர்கள் பலர் கால் வைத்த துறைகளில் அதுவும் ஒன்று. 'ரஜூலா' என்ற பெயரைக் கேட்டாலே பெரியவர்கள் முகம் மாறும். 1926-இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் 1973 வரை இரு கரைகளுக்கும் இடையே மக்களைச் சுமந்தது. அதற்குப்பின் 'சிதம்பரம்' ஓடியது. 1985-இல் அதில் தீப்பிடித்ததோடு அந்தக் கப்பல் பயணமும் முடிவுக்கு வந்தது.

தோட்டக்கூலிகளாக உதவி பெற்று மலாயாவுக்கு வருவதை இந்திய அரசு 1938-இல் தடை செய்தது. ஆகவே இன்று நம்மிடையே உள்ள எழுபது, எண்பது வயதினரில் பெரும்பாலோர் இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். கப்பலேறியவர்கள் அவர்களுடைய தாய் தந்தையர். எந்த ஊரிலிருந்து வந்தார்கள், யாரோடு வந்தார்கள், முதலில் எந்தத் தோட்டத்தில் இறக்கிவிடப்பட்டார்கள் என்ற விவரம் இவர்கள் நினைவில்தான் இருக்கிறது. ஏட்டில் எழுதி வைத்த குடும்பங்கள் சிலவே. தாத்தாவின் காலத்துக்குப்பின் அதைக் கேட்டறிய ஆளிருக்காது. துறைமுகத்துக் காற்றில் உட்கார்ந்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் பேத்தி அதை எழுதிக்கொள்ளட்டும். திரும்பும்போது கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் வடையும் தேநீரும் சாப்பிட்டு, பாட்டிக்குப் பிடித்த நிறத்தில் ஒரு சேலையும் பார்த்துவிட்டு வரலாம்.

இடத்தைவிட ஆள் பெரிது

இத்தனை இடங்களைச் சொன்னோம். ஆனால் "எங்கே போகணும் பாட்டி?" என்று உண்மையாகவே கேட்டால், பல பாட்டிமார்கள் சொல்லும் பதில் ஓர் இடத்தின் பெயராக இருக்காது. ஓர் ஆளின் பெயராக இருக்கும்!

முன்பு பல லயங்களில் இரண்டு வீட்டுக்கும் நடுவே கூரை வரை எட்டாத சுவர்தான் இருந்தது. இந்தப் பக்கம் குழந்தை அழுதால் அந்தப் பக்கம், "என்ன அக்கா, பிள்ளைக்குக் காய்ச்சலா?" என்று குரல் வரும். ஒரே நிரையில் மரம் வெட்டி, ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து, ஒரே மாரியம்மன் திருவிழாவில் தீ மிதித்தவர்கள் அவர்கள். தோட்டங்கள் விற்கப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, குடும்பங்கள் சிதறின. ஒருவர் பந்திங்கில், ஒருவர் ரவாங்கில், ஒருவர் பூச்சோங்கில் பன்னிரண்டாம் மாடியில். இப்போது அவர்கள் எங்கே சந்திக்கிறார்கள்? பெரும்பாலும் துக்க வீட்டில்தான். ஒருவர் கண்ணை மூடினால்தான் மற்றவர்கள் ஒன்றுகூடுகிறார்கள். இதைவிடக் கொடுமை உண்டா?

உலகச் சுகாதார நிறுவனம் தனிமையை வெறும் மனக்குறையாகக் கருதவில்லை. உடல்நலத்தையே கெடுக்கும் விஷயம் என்று கருதி, 2023-இல் அதற்காகவே ஓர் ஆணையம் அமைத்தது. நம் நாட்டிலும் 60 வயதைத் தாண்டியோர் தொகை வேகமாகக் கூடிக்கொண்டு வருகிறது. மருந்து மாத்திரைக்கு அலைகிறோம். ஒரு பழைய சிநேகிதியைக் காட்டி வருவதும் மருந்துதான்.

ஆகவே ஆண்டுக்கு ஒரு முறையாவது இதைச் செய்யுங்கள். பழைய தோட்டத்து உறவுகளில் இருவர் மூவர் எங்கே இருக்கிறார்கள் என்று விசாரித்து, முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டு அழைத்துப் போங்கள். வெறுங்கையோடு போகாமல் பழமோ முறுக்கோ வாங்கிக்கொள்ளுங்கள். போய்ச் சேர்ந்ததும் அரை மணியில், "கிளம்பலாமா?" என்று கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். அவர்கள் பேசி முடிக்க நாற்பது ஆண்டுக் கதை இருக்கிறது. தோட்டம் இன்னும் இருந்தால் கோயில் திருவிழாவுக்குப் போவது இன்னும் சிறப்பு. எல்லாரையும் ஒரே இடத்தில் பார்த்துவிடலாம்.

புறப்படுமுன் சில குறிப்புகள்

காலையிலேயே பசியாறிவிட்டுப் புறப்படுங்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏப்ரலிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடியோடு மழை கொட்டும். இரண்டு மணிக்குள் கூரைக்கடியில் இருப்பது நல்லது. குடை கட்டாயம்.

நீரிழிவு உள்ளவருக்குச் சாப்பாட்டு நேரம் தவறக் கூடாது. மருந்து, தண்ணீர், இரண்டு ரொட்டித் துண்டு கைப்பையில் இருக்கட்டும். புதுச் செருப்பு வேண்டாம். பழகிய செருப்பே போதும்.

எங்கே இறங்கினாலும் முதலில் கழிப்பறை எங்கே என்று பார்த்து, பெரியவர் கேட்குமுன் நீங்களே சொல்லிவிடுங்கள். பாதிக் கூச்சம் அதிலேயே தீர்ந்துவிடும்.

அடையாள அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 60 வயது நிறைந்த மலேசியருக்கு ரயிலில் கட்டணச் சலுகை உண்டு. எப்படிப் பெறுவது என்று நிலையத்து முகப்பிடத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். நாலு இடம் சுற்றிக் களைக்க வைப்பதைவிட, ஓர் இடத்தில் நிதானமாக உட்கார்ந்து எழுவது மேல். வீட்டில் நல்ல வலுவுள்ளவர் யாரோ அவர் பெரியவரின் வேகத்துக்கு நடக்கட்டும். பெரியவர் நம் வேகத்துக்கு ஓட வேண்டியதில்லை.

கடைசியாக, பாட்டியின் கையில் பத்து வெள்ளியைக் கொடுத்து வையுங்கள். பேரப்பிள்ளைகளுக்குத் தன் கையால் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுப்பதில் அவர்களுக்குள்ள பெருமை, நாம் வாங்கிக் கொடுத்தால் வராது.

கேட்கும் விதம்

நேயர்களே! வரும் விடுமுறைக்கு, "நீங்களும் வர்றீங்களா?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு அவர்களிடம் ஒரே பதில்தான் உண்டு. அது இந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே இருக்கிறது. "நீங்க வந்தாத்தான் எங்களுக்கு இடம் தெரியும், வாங்க" என்று சொல்லுங்கள். வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டி நம்மை ஆளாக்கியவர்கள் அவர்கள். தமக்கென ஒன்றைக் கேட்டுப் பழக்கமில்லாதவர்கள். கேட்காமலே கொடுக்க வேண்டியவர்கள் நாம்.

வீட்டை ஒருநாள் பூட்டு பார்த்துக்கொள்ளட்டும்.